வலி குறைந்தால் நோய் குறைந்ததாகுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. ஆறு வருடமாக, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுத்துவந்தார். மாத்திரை போடும் நாளும் மறுநாளும் குமட்டும், முடியும் கொட்டியது. மருத்துவரிடம் சொன்னால், "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். நாலு மாதம் முன்பு வலி தாங்க முடியாமல் இருந்தபோது, அண்ணன் தெரிந்தவர் மூலம் ஒரு மூலிகைப் பொடி வாங்கித் தந்தார். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைத் தொடங்கினார். நாலே நாளில் அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். நன்றாகப் பசிக்கிறது, முகம்கூடப் பூசினாற்போல் ஆகிவிட்டது. சர்க்கரை மட்டும் ஏறியிருக்கிறது, வயதானால் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். நான் அறிவியல் படித்தவள். மாற்று மருத்துவம் எல்லாமே ஏமாற்று என்று நினைப்பவள். அண்ணனோ, "ஆங்கில மருத்துவம் முழுக்க வியாபாரம், அந்த மாத்திரை புற்றுநோய்க்குக் கொடுப்பது, வைத்தியர்களுடையது ஆயிரக்கணக்கான வருட அனுபவம்" என்கிறார். அம்மா கண்ணெதிரே நடக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களில் யார் சொல்வது சரி?

அன்புள்ள சகோதரிக்கு,

யார் சரி என்பதை அப்புறம் பேசுவோம். அதற்கு முன் ஓர் அவசரமான விஷயம்.

நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கும் வரிகள்தான் ஒரு வாதநோய் மருத்துவராக எனக்குக் கவலை தருகின்றன. நாலு நாளில் வலி போயிருக்கிறது. பசி கூடியிருக்கிறது. முகம் பூசியிருக்கிறது. கூடவே சர்க்கரை ஏறியிருக்கிறது. இந்த நான்கையும் ஒருசேரச் செய்யக்கூடிய மருந்து ஒன்று உண்டு, அது ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கென்று மூலிகையின் பெயரில் விற்கும் பொடிகளிலும் உருண்டைகளிலும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுகளும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளும் ரகசியமாகக் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றன. உங்கள் அம்மா சாப்பிடும் பொடியிலும் அது இருக்கிறது என்று நேரில் பார்க்காமல் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

அதனால், இந்தக் கடிதத்தைப் படித்த வேகத்தில் பொடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நம் உடலுக்குத் தேவையான கார்ட்டிசாலை அன்றாடம் சுரக்கின்றன. கார்ட்டிசாலின் வேலையையே செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அவை வேலையை நிறுத்திவிடும். பொடி ஒரே நாளில் நின்றால், சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. கடுமையான சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டொரு நாளுக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பொடியை உறையோடு எடுத்துப் போங்கள். "நாலு மாதமாக இதைச் சாப்பிடுகிறார், ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகம்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பொட்டாசியம், காலையில் எடுக்கும் கார்ட்டிசால் அளவு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார். தேவைப்பட்டால் அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார். ஒருவேளை அம்மா ஏற்கெனவே நிறுத்திவிட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால், அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை. அங்கேயும் ஸ்டீராய்டு சந்தேகத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

"அம்மா கண்ணெதிரே நடக்கிறார்" என்ற வாக்கியத்தில்தான் உங்கள் விவாதம் நின்றுபோயிருக்கிறது. அது நியாயமான வாதம்தான். அம்மாவுக்கு வலி குறைந்தது கற்பனை என்று யாராவது சொன்னால் அது அம்மாவை அவமதிப்பது. ஆனால் முடக்குவாதத்தில் நோயாளி உணர்வதும் மூட்டுக்குள் நடப்பதும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. மூட்டுகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதுதான் இந்த நோய். சவ்வு வீங்கி, பக்கத்தில் இருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அந்த அரிப்பு, வலி குறைந்திருக்கும் நாட்களிலும் தொடரக்கூடும். ஒருமுறை அரித்த எலும்பு பெரும்பாலும் பழையபடி ஆகாது. விரல்கள் கோணிப்போவது அப்படித்தான்.

உணர்வு ஒரு பக்கம், உறுப்பு ஒரு பக்கம் என்று இப்படிப் பிரிவதை மிகத் தெளிவாகக் காட்டிய ஓர் ஆய்வு வேறொரு நோயில் நடந்தது. 2011-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. ஆஸ்துமா உள்ள 39 பேருக்கு, வெவ்வேறு நாட்களில், நான்கு விதமாகச் செய்து பார்த்தார்கள். ஒரு நாள் உண்மையான இன்ஹேலர். ஒரு நாள் மருந்தில்லாத போலி இன்ஹேலர். ஒரு நாள் ஊசி உள்ளே இறங்காத போலி அக்குபங்சர். ஒரு நாள் எதுவுமே செய்யாமல் சும்மா உட்காரவைத்தார்கள். "எவ்வளவு தேவலை?" என்று கேட்டபோது, உண்மை இன்ஹேலருக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள். போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46. சும்மா இருந்த நாளில் 21. அதாவது நோயாளிகளின் வார்த்தையை மட்டும் கேட்டால், மருந்துக்கும் போலிக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு, ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்று கருவியில் அளந்தார்கள். உண்மை மருந்தில் 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும், சும்மா இருந்த நாள் உட்பட, சுமார் 7 சதவீதம்தான்.

இந்த முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த நோயாளிகள் யாரும் பொய் சொல்லவில்லை. கவனித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார், ஏதோ செய்கிறார் என்பதே அவர்களுக்கு நிஜமான ஆறுதலைத் தந்தது. அந்த ஆறுதலைக் கேலி செய்பவர் நல்ல மருத்துவராக இருக்க முடியாது. ஆனால் மூச்சுத்திணறல் முற்றும்போது அந்த ஆறுதலை நம்பி வீட்டில் இருப்பவர் இறந்துபோகலாம்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முடக்குவாதம் ஏறும், இறங்கும். நாலு மாதம் முன்பு "வலி தாங்க முடியாமல் இருந்தபோது" பொடியை ஆரம்பித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் புதிய வைத்தியத்தைத் தேடிப் போவோம். உச்சத்துக்கு அப்புறம் தானாகவே ஓர் இறக்கம் வரும் வாய்ப்பு அதிகம். அந்த இறக்கத்தின் பெருமை, அப்போது கையில் இருந்த மருந்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அது பொடியானாலும் சரி, என் மருந்துச் சீட்டில் இருக்கும் மாத்திரையானாலும் சரி. ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல், யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்காமல், இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. சான்றுகள் அடிப்படையிலான மருத்துவம் என்று சொல்வதன் முக்கால் பங்கு இந்த ஒரே கவலைதான்: நம் கண்ணே நம்மை ஏமாற்றும், அதற்கு என்ன செய்வது?

நவீன மருத்துவமும் இதே கண்ணால் ஏமாந்திருக்கிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தில் படுக்கையாகக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். இரண்டே வருடத்தில், 1950-ல், ஹென்ச்சுக்கும் வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாதநோய் தீர்ந்துவிட்டது என்றே உலகம் கொண்டாடியது. அப்புறம்தான் மெல்ல மெல்ல மற்றவை தெரிந்தன. முகம் ஊதுகிறது, எலும்பு பொடிகிறது, சர்க்கரை ஏறுகிறது, தொற்றுநோய்கள் பிடிக்கின்றன, மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருகிறது. இன்று முடக்குவாதத்தில் ஸ்டீராய்டைக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை மட்டுமே கொடுக்கப் பார்க்கிறோம். நாலு நாளில் எழுந்து நடந்த உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஹென்ச்சின் நோயாளி நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உங்களுக்குப் புரியும்.

அண்ணனின் வாதங்களை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மருந்துத் தொழில் வியாபாரம் என்கிறார். ஆமாம், வியாபாரம்தான், அதற்கு மூட்டுநோயிலிருந்தே உதாரணம் தருகிறேன். வயாக்ஸ் என்ற வலி மாத்திரையை மெர்க் நிறுவனம் 1999-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. முடக்குவாதம் உள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதை நேப்ராக்சென் என்ற பழைய மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2000-ல் வெளியானது. வயாக்ஸ் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று அதிலேயே தெரிந்தது. ஆனால் வயாக்ஸ் கெடுக்கவில்லை, நேப்ராக்சென்தான் இதயத்தைக் காப்பாற்றுகிறது என்று விளக்கம் சொல்லப்பட்டது. நான்கு வருடம் கழித்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது மறுக்க முடியாமல் தெரிந்த பிறகு, 2004 செப்டம்பரில்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் கோடிக்கணக்கானோர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆனால் அண்ணன் கவனிக்க வேண்டியது ஒன்று. வயாக்ஸின் தீங்கை வெளியே கொண்டுவந்தது எது? நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒப்பிட்டு, எண்ணிப் பார்த்த அதே ஆய்வு முறைதான். அந்த மாத்திரை வலியை நன்றாகவே குறைத்தது. சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். மாரடைப்பு வந்தவருக்கும், வயதாகிவிட்டது, வந்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். உங்கள் அம்மாவின் பொடியை அந்த மாதிரி எண்ணிப் பார்க்கப்போவது யார்? உறையில் என்னென்ன இருக்கிறது என்றாவது எழுதியிருக்கிறதா? அதை விற்பவருக்கும் அது வியாபாரம்தானே?

ஆயிரக்கணக்கான வருட அனுபவம் என்ற வாதத்தில்தான் எனக்கு அண்ணனோடு பெரிய கருத்து வேறுபாடு. அனுபவம் சிலவற்றை நன்றாகப் பிடித்துவிடும். தின்றவுடன் வாந்தி வந்தால், மயக்கம் வந்தால், வலி விட்டால், அதைக் கண்டுகொள்ள ஒரு தலைமுறை போதும். ஆனால் பத்து வருடம் கழித்து வரும் கேட்டை, நூற்றில் இருவருக்கு மட்டும் வரும் கேட்டை எந்த வைத்தியரும் தன் அனுபவத்தால் பிடிக்க முடியாது. அரிஸ்டோலோகியா இனச் செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இந்த இனம்தான். ஐரோப்பா, சீனா, இந்தியா என்று எல்லா மரபுகளிலும் நூற்றாண்டுகளாக இவை மருந்து. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் எடை குறைக்கும் சிகிச்சைக்குப் போன பெண்கள் பலருக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. சுமார் நூறு பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா கலந்துவிட்டதுதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. இத்தனை நூற்றாண்டு வைத்தியர்கள் கண்ணில் அது படாமல் போனதற்கு அவர்கள் அறிவில் குறை இருந்தது காரணமில்லை. மருந்து கொடுத்த வருடத்தில் நோயாளி நன்றாக இருந்தார். கேடு வந்த வருடத்தில் அவர் வேறு யாரிடமோ போயிருந்தார். அவ்வளவுதான். மேற்கத்திய மருத்துவர்களும் இப்படித்தான் ஈராயிரம் வருடம் கத்தி வைத்து ரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தார்கள். 1830-களில் பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் உட்கார்ந்து நோயாளிகளை எண்ணிப் பார்த்தபோதுதான் அதன் மேலிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

"ஒவ்வொருவர் உடம்பும் வேறு, எங்கள் வைத்தியத்தைப் பொதுவாகச் சோதிக்க முடியாது" என்று அடுத்து அண்ணன் சொல்லக்கூடும். முடியும். முடக்குவாதத்திலேயே செய்திருக்கிறார்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 43 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆயுர்வேதம், ஒரு குழுவுக்கு மெத்தோட்ரெக்ஸேட், ஒரு குழுவுக்கு இரண்டும். ஆயுர்வேத மருத்துவர்கள் அவரவர் உடல்வாகுக்கு ஏற்பத் தனித்தனியாகவே மருந்து எழுதினார்கள். யாருக்கு உண்மை, யாருக்குப் போலி என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒன்பது மாதம் நடந்தது. மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறின.

இதைப் படித்து அண்ணன் துள்ளிக் குதிக்க வேண்டாம், நீங்களும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு முதல் பதினேழு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இதை வைத்து இரண்டும் சமம் என்று சொல்லிவிட முடியாது, பெரிய ஆய்வு செய்யலாம் என்று மட்டுமே சொல்லலாம். அதைச் செய்தவர்களும் முன்னோட்டம் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் அந்த ஆய்வின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எங்கள் மருந்தைச் சோதித்துப் பாருங்கள் என்று முன்வந்த ஆயுர்வேத மருத்துவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவரையும், உறையில் பெயர்கூட இல்லாமல் பொடி விற்பவரையும் ஒரே தட்டில் வைத்து "மாற்று மருத்துவம் எல்லாமே ஏமாற்று" என்று நீங்கள் சொல்வது சரியில்லை.

உங்களிடமும் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். வாதநோய்க்கு நான் இன்றும் எழுதும் கோல்சிசின், கிரேக்கர் காலத்திலிருந்து புழக்கத்தில் இருந்த ஒரு மூலிகையிலிருந்து வந்தது. நமக்குத் தெரிந்த செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் அதே பொருள் இருக்கிறது. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதத்துக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தால் மருந்து, அளவு தெரியாமல் கிழங்கைத் தின்றால் சாவு. மூலிகைக்குள் மருந்து இருக்கலாம் என்பதும், எவ்வளவு இருக்கிறது என்று அளக்காதவரை அது ஆபத்து என்பதும் ஒரே செடியில் தெரிகிறது. அதேபோல நவீன மருத்துவமனையில் நடப்பதெல்லாம் அறிவியல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலில் துளையிட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை பல வருடம் ஏராளமாக நடந்தது. 2002-ல் ஹூஸ்டனில் 180 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். இரண்டு வருடம் கவனித்தும், உண்மையான அறுவைக்கும் வெறும் கீறலுக்கும் வலியில் வித்தியாசமில்லை. அறுவை சிகிச்சை நிபுணர்களின் சொந்த அனுபவமும் இங்கே தோற்றுப்போனது.

ஆகவே நீங்களும் அண்ணனும் எந்த மருத்துவ முறை என்று சண்டை போடுவதை விட்டுவிட்டு, இரண்டு பக்கத்து மருந்துக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? வலியைத் தவிர வேறு எதை அளந்தார்கள்? கெடுதல் வந்தால் யார் கணக்கு வைக்கிறார்கள்? என் மாத்திரைகளுக்கும் இதையே கேளுங்கள், நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு நானே சொல்லிவிடுகிறேன். அது புற்றுநோய் மருந்தாகத் தொடங்கியது உண்மை. புற்றுநோய்க்குச் சில சமயம் கிராம் கணக்கில் கொடுப்பார்கள். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம். 1980-களில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே, 1988-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. முழுப் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதனால்தான் பலர் நடுவிலேயே நம்பிக்கை இழக்கிறார்கள். ஆபத்தில்லாத மருந்து என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்க்க வேண்டும். மது கூடாது. கல்லீரலைப் பாதிக்கும் மூலிகையை இதோடு சேர்த்தால் ஆபத்து கூடும்.

ஆனால் அம்மாவின் குமட்டலுக்கு "அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் தவறு. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் சேர்க்கலாம், ஏற்கெனவே எடுத்தால் அந்த வைட்டமினின் அளவைக் கூட்டலாம். மாத்திரையை இரவில் எடுக்கலாம். மாத்திரைக்குப் பதில் தோலுக்கடியில் போடும் ஊசிக்கு மாறலாம், பலருக்குக் குமட்டல் குறைகிறது. எதுவும் சரிவராவிட்டால் லெஃப்ளூனமைடு, சல்ஃபாசலசின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. உங்கள் அம்மா மருந்தை விட்டது மூடநம்பிக்கையால் இல்லை. சொன்னதைக் கேட்க ஆளில்லாததால் விட்டார். பொடி கொடுத்தவர் ஒருவேளை அரைமணி நேரம் உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டிருப்பார். சான்றுகள் அடிப்படையிலான மருத்துவத்தை வரையறுத்த டேவிட் சாக்கெட்டும் அவர் தோழர்களும் 1996-லேயே தெளிவாக எழுதினார்கள்: ஆய்வுச் சான்று, மருத்துவரின் தேர்ச்சி, நோயாளியின் விருப்பம் மூன்றும் சேர வேண்டும் என்று. மூன்றாவதை மறந்த மருத்துவர் அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அவரை மாற்றுங்கள். மருந்தை மறுபடி தொடங்குவது பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, வாதநோய் மருத்துவர் சொன்ன பிறகுதான். பழைய மாத்திரை வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு இதமாக இருப்பவற்றைப் பறிக்க வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், இதமாக எண்ணெய் தேய்ப்பது, தியானம், எதுவும் மருந்தை விடச் சொல்லாதவரை தொடரட்டும். கைகளுக்கான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளட்டும். முடக்குவாதம் உள்ள 490 பேரிடம் சோதித்து 2015-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், அதனால் கையின் செயல்பாடு கூடியது தெளிவாகத் தெரிந்தது. சித்தமோ ஆயுர்வேதமோ வேண்டும் என்று அம்மா விரும்பினால், முறையாகப் படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடம், என்ன மருந்து என்று எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு மருத்துவருக்கும் தெரிந்து செய்யட்டும். மறைப்பதில்தான் மோசமான ஆபத்து இருக்கிறது. வீட்டில் நீங்கள் சண்டை போடப் போட, அம்மா மறைக்கத்தான் பழகுவார்.

சில நிலைகளில் எந்த விவாதத்துக்கும் நேரமில்லை. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் திடீரென்று வீங்கினால், கண் சிவந்து கடுமையாக வலித்தால், மூச்சு வாங்கினால், கழுத்து வலியோடு கை கால் மரத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அண்ணனையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். பொடி வாங்கித் தந்தது அம்மாவின் வேதனையைப் பார்க்கச் சகிக்காமல்தான், அதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள். வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கை, உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகள், இரண்டு கை, இரண்டு பாதங்களின் எக்ஸ்ரே ஆகியவற்றைக் கேளுங்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எலும்பு எங்கே அரித்திருக்கிறது, எங்கே அரிக்கவில்லை என்று மருத்துவர் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் காட்டட்டும். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து முடித்ததும், என்ன சிகிச்சை என்பதை அம்மா முடிவு செய்யட்டும். மூன்று மாதம் கழித்து எந்த எண் எவ்வளவு குறைந்திருந்தால் தொடர்வது, குறையாவிட்டால் எதற்கு மாறுவது என்பதை அன்றைக்கே மூவரும் பேசி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்டிசால் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.